செத்த எஸ்.எம்.பி.எஸ். கடிக்கும்!

ஹாஸ்டலில் ஃப்ளோருக்கு ஒரு 'சிஸ்டம் டாக்டர்' இருப்பார். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கின ஸ்க்ரூடிரைவர் செட்டும், 'மச்சி, பத்தே நிமிஷம்... ரெடி பண்ணிடலாம்' என்ற டயலாக்கும்தான் அவர் சொத்து. ரேமைக் கழற்றித் துடைப்பது, ஃபேனில் தூசு தட்டுவது எல்லாம் தாராளமா செய்யலாம். ஆனா, அந்த டாக்டர் நீங்கன்னா ஒரு நிமிஷம் உட்காருங்க பாஸ்... பேசணும்!

ஷட்-டவுன் கொடுத்தாச்சு, ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு. கரன்ட் போயிடுச்சா? அதுதான் இல்லை. சப்ளை இருக்கிற வரைக்கும் மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்-பை போய்க்கிட்டே இருக்கும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா, அப்போ ரேமைப் பிடுங்கினா போர்டு காலியாகலாம். சுவர் ஸ்விட்சை அணைச்சா போதும்னும் நம்பாதீங்க. ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடக்கிற பாயின்ட்கள் நம்ம ஊரில் உண்டு. அங்கே ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஃபேஸ் உள்ளேதான் நிற்கும். பிளக்கையே உருவுங்க. அப்புறம் பவர் பட்டனை பத்து செகண்ட் அழுத்திப் பிடிங்க.

நிஜ வில்லன் எஸ்.எம்.பி.எஸ்.தான். 230 வோல்ட் ஏ.சி-யை டி.சி. ஆக்கும்போது சுமார் 325 வோல்ட் வந்துடும். ரூட் டூ-வால் பெருக்கிப் பாருங்க, ஃபர்ஸ்ட் இயர் சிலபஸ்! இதைப் பிடிச்சு வெச்சிருப்பது உள்ளே குண்டா நிற்கிற கெப்பாசிட்டர்கள். பிளக்கை உருவின பிறகும் அந்த சார்ஜ் நிற்கும். நல்லா ஓடின யூனிட்டில் சீக்கிரம் இறங்கிடும். செத்துப்போன யூனிட்டில்தான் சிக்கல்... சார்ஜை இறக்குற சர்க்யூட்டும் சேர்ந்தே செத்திருக்கலாம். நாம பிரிச்சுப் பார்க்க ஆசைப்படுறதும் அந்தச் செத்த யூனிட்டைத்தானே? பிரிக்காதீங்க. அப்படியே கழற்றிட்டு வேற மாட்டுங்க. லேப் மூலையில் தூங்குற பழைய டப்பா மானிட்டருக்கும் இதே ரூல். அதுக்குள்ளே ஓடுறது 25,000 வோல்ட் ரேஞ்ச்!

கேபினெட்டைத் தொட்டா 'சுருக்'னு இழுக்குதா? 'செருப்பு போட்டுக்கோடா'னு பக்கத்து ரூம் விஞ்ஞானி சொல்வார். செருப்பு இதுக்கு வைத்தியம் இல்லை. உங்க பாயின்ட்டில் எர்த் வேலை செய்யலைனு அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியா கசியும் கொஞ்சூண்டு கரன்ட், எர்த் இல்லாததால் தகரத்தில் நிற்குது. இன்னிக்கு வெறும் சுருக். நாளைக்கு ஃபேஸ் ஒயரே கழன்று தகரத்தில் பட்டா, முழு 230 வோல்ட்டும் உங்களுக்காகக் காத்திருக்கும். மூணாவது பின்னை உடைச்சு ரெண்டு பின் சாக்கெட்டில் சொருகுறது, எர்த் இல்லாத சீப் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்... இதெல்லாம் சத்தியமா தற்கொலை முயற்சி. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லி வார்டன்கிட்ட சண்டை போடுங்க, தப்பில்லை.

லேப்டாப்னா பேட்டரியைக் கவனிங்க. உப்பியிருந்தா அழுத்துறது, நெம்புறது, குத்துறது எதுவும் கூடாது. லித்தியம் பேட்டரி ஓட்டையானா தீப்பிடிக்கும். சார்ஜ் போடாம சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்க.

யாராவது ஷாக் அடிச்சு ஒட்டிக்கிட்டா, பதறிப்போய்க் கையால இழுக்காதீங்க. நீங்களும் மாட்டிக்குவீங்க! முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க, அப்புறம் 108. ராத்திரி ரெண்டு மணிக்கு ரூமைத் தாழ் போட்டுட்டுத் தனியா கேபினெட்டைத் திறக்கிற பழக்கம் இருந்தா, நிறுத்திடுங்க. பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்குனு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்.