பவளப்பாறையை நெரிக்கும் பாசி, மருந்துக்கும் உதவுமா?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை நடையை முடித்துவிட்டு வீடு திரும்புகிறவர், வழியில் ஒரு சாக்லேட் மில்க் பாக்கெட் வாங்கினால் அதன் பின்பக்கத்தைப் பார்க்கலாம். சேர்மானப் பட்டியலில் ‘ஐ.என்.எஸ் 407’ என்று இருந்தால், அது காராஜீனன். சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஒருவகைப் பசை. ஐஸ்க்ரீம், டூத்பேஸ்ட், சைவ கேப்ஸ்யூல் உறை எனப் பல பொருள்களில் இது சேர்க்கப்படுகிறது.

இந்தப் பசையை அள்ளித்தரும் பாசிகளில் முக்கியமானது கப்பாபைகஸ் அல்வரெசி. பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசியான இது, தமிழகக் கடலில் விருந்தாளியாக வந்து இன்று வம்பு செய்துகொண்டிருக்கிறது.

எப்படி வந்தது?

1980-களில் ஆய்வுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முறையை உருவாக்கியது. 2000-ல் பெப்சி நிறுவனம் இறங்கியதும், ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் இது தொழிலானது. மூங்கில் மிதவையில் துண்டுகளைக் கட்டி கடலில் விட்டால் 45 நாளில் அறுவடை. மீனவக் குடும்பத்துப் பெண்கள் பலருக்கு இது கையில் காசு தந்தது.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பாசிக்கு விதை தேவையில்லை. அலையில் ஒடிந்த சிறு துண்டு ஒதுங்கிய இடத்திலேயே வளர்ந்துவிடும்.

காரைக்காலுக்குத் தெற்கே கோடியக்கரையைத் தாண்டினால் பாக் நீரிணை. பாம்பனைத் தாண்டினால் மன்னார் வளைகுடா. அங்கே 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. அபாயத்தை உணர்ந்த தமிழக அரசு, 2005-லேயே இந்தப் பாசியை எங்கே வளர்க்கலாம் என்று எல்லை வகுத்தது. ஆனாலும் 2008-ல், குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் கப்பாபைகஸ் படர்ந்திருப்பதாக ‘கரன்ட் சயின்ஸ்’ ஆய்விதழில் கட்டுரை வெளியானது. பாசி போர்வைபோல மூடினால் பவளத்துக்கு வெளிச்சம் கிடைக்காது. மெள்ள மெள்ள இறந்துவிடும். பவளம் போனால், அதை நம்பிக் குஞ்சு பொரிக்கும் மீன்களும் போகும்.

மருந்தாகுமா?

கொரோனா காலத்தில் அர்ஜென்டினாவில் 394 மருத்துவப் பணியாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு காராஜீனன் கலந்த மூக்கு ஸ்பிரே. இன்னொரு பிரிவினருக்கு வெறும் உப்புநீர் ஸ்பிரே. 21 நாள்களில் முதல் பிரிவில் சுமார் 1 சதவிகிதம் பேருக்கும், இரண்டாவது பிரிவில் சுமார் 5 சதவிகிதம் பேருக்கும் தொற்று வந்தது. வைரஸ் செல்லில் ஒட்டாமல் இந்தப் பசை தடுப்பதாகக் கருதப்படுகிறது.

ஆனால், அந்த ஸ்பிரேயில் இருந்தது ‘ஐயோட்டா’ வகை காராஜீனன். நம் கடலில் படரும் பாசி தருவது ‘கப்பா’ வகை. இரண்டும் ஒன்றல்ல.

தோல்வியும் உண்டு. எச்.ஐ.வி தொற்றைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில், தென்னாப்பிரிக்காவில் 6,202 பெண்களிடம் காராஜீனன் ஜெல் ஒன்று சோதிக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் வைரஸைத் தடுத்த ஜெல், மனிதர்களிடம் பலன் தரவில்லை. ‘ஆய்வகத்தில் வேலை செய்தது’ என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நினைவில் வைக்கவேண்டிய உதாரணம் இது.

கப்பா வகைக்கு இன்று உறுதியாக இருக்கும் வேலை, மருந்துக்குத் துணையாக நிற்பது. கேப்ஸ்யூல் உறையை இறுக்கும், பேஸ்ட்டைக் கெட்டியாக்கும். நோயைத் தீர்க்கும் மருந்தாக அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

பறித்து விற்றால் என்ன?

‘தொல்லை தரும் பாசியைப் பறித்து மருந்து கம்பெனிக்கே கொடுத்துவிடலாமே’ என்று தோன்றும். கேட்க நன்றாக இருந்தாலும், பவளப்பாறையில் பறிக்கும் பாசியில் மணலும் பவளத் துணுக்கும் சேர்ந்தே வரும். மருந்துத் தயாரிப்புக்கு ஒரே தரமான, சுத்தமான சரக்கு வேண்டும். மிதவையில் வளர்ப்பதுதான் அதற்குத் தோது. அதோடு, பறிக்கும் அவசரத்தில் ஒடியும் துண்டுகள் புதிய இடங்களில் முளைக்கும். பாசியால் வருமானம் வரத் தொடங்கினால், அது முழுதாக ஒழியவேண்டும் என்று யார் நினைப்பார்கள்?

அதனால் மன்னார் வளைகுடாவில் பாசியைக் கையால் கவனமாக அகற்றுகிறார்கள். இதே பாசியிடம் மாட்டிய ஹவாய் தீவில், ராட்சத உறிஞ்சு இயந்திரத்தைப் படகில் வைத்து இழுத்தார்கள். பிறகு பாசியைத் தின்னும் கடல் முள்ளெலிகளை விட்டார்கள். ஒருமுறை பரவிவிட்டால் செலவு எவ்வளவு என்பதற்கு அதுவே சாட்சி.

கடற்பாசித் தொழில் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். ராமநாதபுரம் மாவட்டம் வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவே வருகிறது. அந்தப் பெண்களின் வருமானமும் முக்கியம், தீவுகளின் பவளமும் முக்கியம். மிதவை எங்கே மிதக்கிறது என்பதில்தான் இரண்டும் அடங்கியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. கடற்கரையில் ஒதுங்கும் பாசியை ‘மூலிகை’ என்று வாட்ஸ்அப்பில் யாராவது சொன்னால், எடுத்துக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம். கடற்பாசிகளில் அயோடின் இருக்கும், கழிவுநீர் கலக்கும் இடத்தில் கன உலோகமும் சேரலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கடற்பாசிப் பொடி எதையும் தொடாதீர்கள்.