இறுகிய டீசல் பில்டரைக் கழற்றும் முறை

நீர் இறைக்கும் எஞ்சின் நின்றுபோவதற்குரிய காரணங்களுள் மிகவும் அற்பமானது டீசல் பில்டர் அடைத்துக்கொள்வதாகும். புதிய பில்டரின் விலை சொற்பம். அதை மாற்றும் வேலையும் சொற்பம். ஆனால் பழைய பில்டர் இறுகிக்கொண்டு கழல மறுக்குமாயின், அந்தச் சொற்ப வேலையே ஒரு நாளை விழுங்கிவிடும். ஆத்திரப்பட்டுக் கைவைத்தாலோ எஞ்சினின் மற்ற உறுப்புக்களும் கெட்டுப்போகும். எஞ்சின் ஓயாமல் ஓடும் காலத்தில்தான் பில்டரில் அழுக்குச் சேருகின்றது. ஆகையால் பயிர் தண்ணீருக்குக் காத்திருக்கும் வேளையிலேயே இந்தச் சங்கடம் பெரும்பாலும் நேர்கின்றது.

சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சின் கொண்டு கிணற்று நீர் இறைக்கும் முறையைப் பரப்ப, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஆல்பிரெட் சாட்டர்டன் என்பவர் பெரிதும் முயன்றார். கவலை ஏற்றத்துக்கு மாடு எப்படியோ, எஞ்சினுக்கு எண்ணெய் அப்படி. மாட்டுக்குத் தீனியைத் தூசு தட்டிப் போடும் குடியானவர், எஞ்சினுக்குப் போகும் டீசலின் சுத்தத்தையும் அவ்வாறே கவனித்தல் வேண்டும். டீசலை நாசிலுக்கு அழுத்திச் செலுத்தும் பம்பினுள், உருளைக்கும் அதில் ஓடும் தண்டுக்கும் இடையே உள்ள சந்து ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. அவ்வளவு நுட்பமான இடத்தில் மணலோ துருவோ புகாமல் காப்பது பில்டரேயாகும்.

வேதாரண்யம் பக்கத்து மணற்பாங்கான நிலமொன்றில் நேர்ந்த சங்கதி இங்கு உதாரணமாகக் கூறத்தக்கது. ஒரு குடியானவர் நிலக்கடலை விதைத்து 45 நாட்களாகியிருந்தன. மாசி மாதம், விழுது இறங்கும் பருவம். பூமியில் ஈரமில்லாவிடில் விழுது மண்ணுக்குள் இறங்காது. இறங்கினும் காய் பிடியாது. அந்த நேரத்தில் எஞ்சின் திணறி நின்றது. அது முன்பு ஒரு வள்ளத்தில் ஓடிய எஞ்சின். அவருடைய மீனவ நண்பரிடமிருந்து வாங்கிப் பம்புக்குப் பொருத்தப்பட்டது. அதன் பில்டர், மேலுள்ள வார்ப்புத் தலையிற் சுழற்றிப் பூட்டப்பட்டுக் கீழ்நோக்கித் தொங்கும் தகர டப்பா வகையைச் சேர்ந்தது.

எஞ்சின் தாழ்வான மேடையில் சுவரையொட்டி நின்றமையால், டப்பாவை மேலிருந்துதான் குனிந்து பார்க்க முடிந்தது. குடியானவரும் அவர் மகனும் அதைப் பற்றி, வழக்கம்போல் இடப்பக்கமாகத் திருகினார்கள். அது அசையவில்லை. பைப் ரெஞ்சு கொண்டுவந்து திருகினார்கள்; டப்பா நசுங்கிற்று. பின்னர்த் திருப்புளியை டப்பாவின் நடுவே அடித்துச் செருகி நெம்பினார்கள். தகரம் கிழிந்து டீசல் கொட்டிற்று. பில்டரின் தலையே சற்றுத் திரும்பியதால், அதனோடு சேர்ந்த செம்புக் குழாயும் மூட்டில் விண்டுபோயிற்று.

மறுநாட் காலையில் வந்த மீனவ நண்பர் ஒரே பார்வையில் தவற்றைக் கண்டார். “அண்ணே, மேலே நின்று பார்த்து இடப்பக்கம் திருகினால் அது இறுகத்தானே செய்யும்? நேற்று முழுவதும் நீங்கள் கழற்றவில்லை; பூட்டிக்கொண்டிருந்தீர்கள்” என்றார். எஞ்சியிருந்த தகர விளிம்பில் உளியின் முனையைச் சாய்த்து வைத்து, கழலும் திசையில் மெல்லத் தட்டிச் சிறிது நேரத்தில் அதை எடுத்துவிட்டார். ஆனால் விண்ட குழாய்க்கு மாற்றுக் கிடைக்க மேலும் இரண்டு நாட்கள் சென்றன. அதற்குள் மேட்டுப்பாத்திகளில் விழுதுகள் காய்ந்துபோயின. அறுவடையில் அப்பாத்திகளின் செடிகளைப் பிடுங்கியபோது, பொக்குக் காய்களே மிகுதியாக இருந்தன.

இறுகுவதன் காரணங்கள்

முதலாவது, சென்ற முறை பூட்டும்போது வேண்டிய அளவுக்கு மேல் முறுக்கிவிடுதல். இரண்டாவது, ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவாமல் உலர்ந்தபடியே பூட்டுதல். அது எஞ்சின் சூட்டில் வெந்து உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, உப்புக்காற்று. இரும்பும் அலுமினியமும் சேர்ந்திருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால், அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடி பூக்கும். அப்பொடி மரைகளின் இடையே அடைத்துப் பூட்டுப்போட்டதுபோல் ஆக்கிவிடும். கடலோரத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் படகுகளிலும் இது சாதாரணம். நான்காவது, எஞ்சினுக்கு வர்ணம் பூசும்போது பில்டரின் மூட்டின்மேலும் பூசிவிடுதல்.

கழற்றத் தொடங்குமுன்

எஞ்சினை நிறுத்தி ஆறவிடுக. டீசல் டாங்கியின் குழாய்த் திருகை மூடுக. பில்டரின் வெளிப்புறத்தையும் மூட்டையும் துணியாலும் பிரஷ்ஷாலும் நன்கு துடைத்திடுக. இல்லையேல் கழற்றும்போது மணல் உள்ளே விழும். கீழே வடிகால் திருகு இருந்தால், ஒரு பாத்திரத்தை வைத்து உள்ளிருப்பதை வடித்துவிடுக. வடிந்ததில் தண்ணீர் தங்கியிருக்கின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். அருகில் பீடி, சுருட்டு, விளக்குச் சுடர் எதுவும் ஆகாது. இறுகிய பில்டரைத் தீயினால் சுட்டு இளக்க எண்ணுவது பெரும் அபாயமாகும்.

திருகவேண்டிய திசை

வேலையின் உயிர்நாடி இதுவே. கீழ்நோக்கித் தொங்கும் டப்பாவின் அடிப்பாகத்தைக் கீழிருந்து நிமிர்ந்து பார்ப்பதாகப் பாவித்துக்கொண்டால், கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகச் சுழற்றினால் கழலும். அதையே மேலிருந்து குனிந்து பார்ப்பவருக்கு, கடிகார முள் சுற்றும் திசையே கழலும் திசையாகத் தோன்றும். ஐயமிருப்பின், புதிய பில்டரைக் கையிலெடுத்து, பழையது இருக்கும் நிலையிலேயே தொங்கவிட்டுப் பிடித்து, அதன் மரை எப்பக்கம் ஏறும் என்று பார்த்துக்கொள்க. பிறகு டப்பாவின்மேல் சுண்ணாம்பினால் ஓர் அம்புக்குறி இட்டுவிட்டால், பல கைகள் மாறினாலும் தவறு நேராது.

படிப்படியாகக் கழற்றுதல்

வலிமையை முதலிற் காட்டலாகாது. மூட்டைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயைச் சில சொட்டுக்கள் விட்டு, மரப்பிடியினால் சுற்றிலும் மெல்லத் தட்டுக. அதிர்ச்சியினால் எண்ணெய் மரைக்குள் இறங்கும். அவசரமில்லையாயின் இரவு முழுவதும் ஊறவிடுவது உத்தமம். அவசரமாயினும் அரைமணி நேரமாவது பொறுத்திருத்தல் வேண்டும்.

பின்னர்க் கையையும் டப்பாவையும் எண்ணெய்ப் பிசுக்கின்றித் துடைத்து, டப்பாவின்மேல் உப்புத்தாளைச் சொரசொரப்பான பக்கம் உட்புறமாகச் சுற்றி, இரு கைகளாலும் திருகிப் பார்க்க. அசையாவிடில் பழைய சைக்கிள் டியூபை நீளவாட்டில் கிழித்து, டப்பாவைச் சுற்றி நான்கைந்து சுற்றுக்கள் இறுக்கிச் சுற்றி, நுனியை ஒரு மரக்கட்டையிற் கட்டி, கழலும் திசையில் இழுக்கலாம். கடையில் விற்கும் பட்டை ரெஞ்சு இருந்தால் இன்னும் நலம். எதைக் கொண்டு பற்றினாலும், டப்பாவின் மேல்விளிம்பை ஒட்டியே பற்றுதல் வேண்டும். அங்கேதான் அடித்தட்டின் பலம் உண்டு. நடுவிற் பற்றினால் தகரம் நசுங்கும்.

திருகும்போது ஒருவர் பில்டரின் தலையை மரக்கட்டையால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். தலையை எஞ்சினோடு சேர்ப்பவை சிறு போல்ட்டுக்களே. அது திரும்பினால் முதலில் உடைவது குழாய் மூட்டு.

இவற்றுக்கும் இணங்காவிடில், சூடான நீரில் தோய்த்த துணியை அலுமினியத் தலையைச் சுற்றிப் போடுக. சூட்டினால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், மரையின் பிடி தளரும். மூட்டு முழுவதும் மூடியிருக்கும்போதே இதைச் செய்து, ஒரு சொட்டு நீரும் தங்காமல் துடைத்துவிட வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்துக்கு இம்முறை ஆகாது. டப்பாவைத் திருப்புளியாற் குத்தித் திருப்புவது எல்லாம் தோற்றபின் செய்யும் கடைசி உபாயம். அப்போதும் முன்னரே டீசலை வடித்துவிட்டு, விளிம்பை ஒட்டியே குத்துதல் வேண்டும்.

கிண்ணமுள்ள பில்டர்

பம்புசெட்டுக்களிற் பெரும்பாலும் காணப்படுவது, ஒரு நடு போல்ட்டினால் தலையோடு சேர்க்கப்பட்ட கிண்ண வகையாகும். போல்ட்டின் முகத்தை நேராகப் பார்த்து, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கழற்றுக. முனை தேய்ந்த ஸ்பேனரை உபயோகித்தால் போல்ட்டின் முகம் உருண்டுபோம். முழு வளைய ஸ்பேனரே தக்கது. போல்ட்டு வந்தபின்னும் கிண்ணம் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், அது ரப்பர் வளையத்தின் பிடியே. மரச்சுத்தியினால் பக்கங்களிற் தட்டி, கிண்ணத்தை இப்படியும் அப்படியும் சிறிது திருப்பினால் விட்டுவிடும். மூட்டினுள் திருப்புளியைச் செருகி நெம்பலாகாது. வளையம் அமரும் தளத்தில் ஒரு கீறல் விழுந்தாலும், மேல் டாங்கியுள்ள எஞ்சினில் டீசல் கசியும். டாங்கி தாழ இருக்கும் எஞ்சினில் காற்றை உறிஞ்சி ஓட்டம் தடுமாறும்.

படகு எஞ்சினுக்கு உரியவை

படகில் டாங்கி பெரும்பாலும் எஞ்சினுக்குத் தாழவே இருப்பதால், மேற்சொன்ன காற்றுக்கோளாறு அங்கே மிகுதி. கொட்டும் டீசல் படகின் அடிவயிற்றிற் தேங்கி வழுக்கலையும் தீ அபாயத்தையும் உண்டாக்கும். ஆகவே பாத்திரமும் பழந்துணியும் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். கடலில் எஞ்சின் நின்றால் முதலில் நங்கூரம் போட்டுப் படகை நிலைப்படுத்திய பின்னரே பில்டரைத் தொடுதல் தகும். கரையில் இருக்கும்போதே குறித்த காலத்தில் ஒருமுறை கழற்றிப் பூட்டி வைத்திருந்தால், கடலில் அது இறுகி நின்று வஞ்சிக்காது. மாற்றுப் பில்டரும் ரப்பர் வளையமும் பட்டை ரெஞ்சும் படகிலேயே இருத்தல் வேண்டும்.

திரும்பப் பூட்டுதல்

பழைய பில்டர் வந்தவுடன், அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பார்க்க. வளையம் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதிய வளையத்தோடு பூட்டிவிட்டுக் கசிவுக்குக் காரணம் தெரியாமல் திகைப்போர் பலர். தலையின் தளத்தைச் சுத்தமான துணியால் துடைத்து, புதிய வளையத்தில் சுத்தமான எண்ணெயை விரலாற் தடவுக. டப்பாவைக் கையினாலேயே ஏற்றி, வளையம் தளத்தைத் தொட்டபின் மேலும் அரை முதல் முக்கால் சுற்று மாத்திரம் திருகுக. டப்பாவின்மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே கைக்கொள்க. பூட்டுவதற்கு ரெஞ்சு வேண்டவே வேண்டாம். கிண்ண வகைக்குப் புதிய வளையமும் நல்ல செம்பு வாஷரும் இட்டு, கசியாத அளவுக்கு மட்டும் போல்ட்டை இறுக்குதல் போதும்.

பிறகு டாங்கியின் திருகைத் திறந்து, பில்டர் தலையிலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்துக. கைப்பம்பு இருந்தால் அதை அடித்து, நுரையின்றி டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றித் திருகை மூடுக. புதிய டப்பாவின் நடுத்துவாரத்தில் வடிகட்டாத டீசலை ஊற்றி நிரப்பலாகாது. அது பில்டரைத் தாண்டி நேரே பம்புக்குள் போய்விடும். எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி மூட்டில் கசிவு உண்டா என்று பார்த்து, மாற்றிய தேதியை டப்பாவின்மேல் எழுதிவைத்தல் நன்று.

இன்று கழல மறுக்கும் பில்டரின் குற்றம் இன்று பிறந்ததன்று. சென்ற முறை பூட்டிய கையிற் பிறந்தது. ஒரு விரல் எண்ணெயும் அளவறிந்த திருகலும் அன்று இருந்திருந்தால், இன்று ரெஞ்சுக்கும் உளிக்கும் வேலையில்லை. கடலோரக் குடியானவர்களும் படகோட்டிகளும் எஞ்சின் ஓய்ந்திருக்கும் நாட்களிலேயே பில்டரை ஒருமுறை கழற்றி, எண்ணெய் தடவிப் பூட்டிவைப்பார்களாயின், விழுது இறங்கும் பருவத்தில் பாத்திக்குத் தண்ணீர் தவறாது.