பித்தளை ஏன் பிளக்கிறது?

பண்ணைக்காட்டுப் பக்கம் அடைமழை பிடித்துக்கொண்டால் சுவரெல்லாம் ஓதம் ஏறிவிடும். காப்பித் தோட்டத்தில் போர்டோ கலவை தெளிக்கும் பித்தளைத் தெளிப்பானைக் கொட்டகையின் மூலையில் வைத்துவிடுவோம். பக்கத்திலேயே யூரியா மூட்டை இருக்கும். தடுப்புக்கு அப்பால் மாடு கட்டியிருக்கும். மழை விட்டபின் எடுத்துப் பார்த்தால், யாரும் தட்டாமலே தெளிப்பானில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு காணப்படலாம். இதன் காரணம் யாது?

இக்கேள்விக்கு விடை தேடத் தூண்டியவை நம் நாட்டில் வெடித்த தோட்டாக்களே!

லாயத்தில் வைத்த தோட்டாக்கள்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், மழைக்காலம் வந்தால் படைகளின் நடமாட்டம் குறையும். தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைப்பர். மழை ஓய்ந்தபின் பார்த்தால் பல தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் வெடித்திருக்கும். அதிலும், குண்டை இறுகப் பிடித்திருக்கும் கழுத்துப் பகுதியிலேதான் வெடிப்பு மிகுதி. இதற்குப் ‘பருவ வெடிப்பு’ என்ற பெயர் வழங்கலாயிற்று. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921இல் இதற்குத் தக்க விளக்கம் தந்தனர்.

உள்ளே உறைந்த இழுவிசை

தோட்டாக் கூட்டுக்கான பித்தளையில் செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் உண்டு. வட்டத் தகட்டை முதலில் கிண்ணமாக அழுத்துவர். பிறகு படிப்படியாக இழுத்து நீண்ட குழலாக்குவர். இறுதியில் வாயைக் குறுக்குவர். குளிர்ந்த நிலையிலேயே இப்படி இழுப்பதால் உலோகம் கடினமாகிறது. அதனுள்ளே ஒரு தகைவும் தங்கிவிடுகிறது.

கயிற்றுக் கட்டிலைப் பாருங்கள். அது அசையாமல் கிடக்கிறது. ஆனால் ஒரு கயிற்றைக் கத்தியால் கீறினால் ‘படக்’கென்று அறுந்து விலகும். அந்த இழுவிசை முன்பே அதில் இருந்தது. கத்தி அதற்கு வழி திறந்துவிட்டது, அவ்வளவே.

பித்தளைக்கு அந்தக் கத்தி அம்மோனியா. குதிரையின் சிறுநீரிலும் மாட்டின் சிறுநீரிலும் யூரியா உண்டு. ஈரத்தில் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது அம்மோனியா வெளிப்படுகிறது. மாட்டுத் தொழுவத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். உலோகத்தின்மேல் படிந்த ஈரத்தில் இவ்வாயு கரைந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு செம்பைத் தாக்குகிறது. உலோகத்தின் நுண்ணிய படிக மணிகள் ஒன்றோடொன்று சேரும் எல்லைகளிலே அரிப்பு நுழைகிறது. உள்ளிருக்கும் இழுவிசை அக்கீறலை அகலப்படுத்த, அம்மோனியா மேலும் உள்ளே செல்கிறது. தகைவு, அம்மோனியா, ஈரம் ஆகிய மூன்றும் கூடினால்தான் வெடிப்பு. ஒன்றை நீக்கினாலும் பித்தளை பிழைத்துக்கொள்ளும்.

தொழிற்சாலையில் தீர்வு

செய்து முடித்த வெற்றுக் கூட்டை ஏறத்தாழ 250 டிகிரி செல்சியசு அளவில் சிறிது நேரம் சூடேற்றி ஆறவிட்டால், உள்ளிருக்கும் தகைவு பெரிதும் தணிகிறது. கடினம் அதிகம் குறைவதில்லை. இதைத் தொழிற்சாலைகளில் மருந்து நிரப்புமுன் செய்கின்றனர்.

மேலைநாடுகளில் குறிசுடும் விளையாட்டினர் ஒரே கூட்டைப் பலமுறை நிரப்பிப் பயன்படுத்துவதுண்டு. சுடுந்தோறும் பித்தளை வாய்ப்புறமாக நகர்ந்து கூடு நீள்கிறது. நீண்ட கூட்டின் வாய் துப்பாக்கியின் அறை முனையில் முட்டிக் குண்டை நெரித்தால், அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும். ஆகவே சிறு கடைசல் கருவியால் கூட்டை அளவுக்கு வெட்டுகின்றனர். திரும்பத் திரும்ப விரிந்து சுருங்கிக் கடினமான கழுத்தையும் சூடேற்றி இளக்குகின்றனர். பித்தளை தான் பட்ட பாட்டை மறப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று. நம் நாட்டில் தோட்டா செய்வதும் வைத்திருப்பதும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவர்க்கே உரியவை.

நாம் செய்யத்தக்கவை

வீட்டில் எந்தப் பித்தளைப் பொருளையும் நெருப்பில் காட்டித் தகைவை நீக்க முயல வேண்டாம். தெளிப்பானின் ஈயப் பற்றுகள் 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கக்கூடும். மருந்துள்ள தோட்டாவோ வெடித்தே விடும். நம்மால் எளிதில் நீக்கக்கூடியவை ஈரமும் அம்மோனியாவுமே.

தெளிப்பானை நல்ல நீரில் கழுவி, உலரத் துடைத்து, தொழுவத்துக்கும் உர மூட்டைக்கும் எட்டத்தில் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பயிர்க்காவலுக்கு உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருப்போர் தோட்டாக்களையும் அவ்வாறே உலர்ந்த இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். நீலப்பச்சைக் கறையையும், வளைவுகளிலும் விளிம்புகளிலும் மெல்லிய கோடுகளையும் கண்டால் ஐயுறுங்கள். வெடித்த தோட்டாவைச் சுடாதீர்கள். வெடித்த தெளிப்பானில் காற்றடிக்காதீர்கள். அழுத்தம் ஏறியபின் அது பிளந்தால், மருந்து முழுவதும் சுமப்பவர் முதுகில்தான் கொட்டும்.

அன்று லாயத்தில் நடந்தது இன்று நம் கொட்டகையில் நடக்க வேண்டியதில்லை. தெளிப்பானை நாலடி தள்ளி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லையே!