சாம்பல் நிறச் சிப்பாய்கள்

இங்கிலாந்தில் நாட்டிங்காமில் இருக்கும் எங்க சித்தப்பா போன கோடை லீவுக்கு ஒரு பெட்டி கொண்டு வந்தார். வார்ஹாமர் என்ற மேசைப் போர் விளையாட்டு. அந்த ஊரில்தான் தயாராகிறது. உள்ளே 20 சிப்பாய்கள், ஆளுக்குச் சுமார் 3 செ.மீ. உயரம். எல்லாம் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். பெயிண்ட் நாமதான் அடிக்கணும்.

முதல் ஆளுக்குக் கண்ணு முதற்கொண்டு வரைஞ்சேன். நாலு நாள் ஆச்சு! இன்னும் 19 பேரா என்று மலைத்துப்போய்ப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிட்டேன். சித்தப்பா போனில், "பொங்கலுக்கு வர்றேன், விளையாடலாமாடா?" என்றார். வயிற்றில் புளியைக் கரைத்தது. உண்மையைச் சொல்லிட்டேன்.

அவர் திட்டவில்லை, வழி சொன்னார். ஐந்து பேரை வரிசையா நிறுத்தி, எல்லோருக்கும் ஒரே நிறம். அப்புறம்தான் அடுத்த நிறம். ஐந்தாவது ஆளை முடிப்பதற்குள் முதல் ஆள் காய்ந்துவிடுகிறான். கடைசியில் தண்ணியாகக் கரைத்த கறுப்பைப் பூசினால் பள்ளங்களில் தேங்கி நிழல் மாதிரி ஆகிடும். கண் வரையவே வேண்டாம். இரண்டடி தள்ளி நின்று விளையாடும்போது யார் பார்க்கப் போறாங்க?

முடித்தவர்களைப் படிக்கிற மேசை மேலேயே நிறுத்தியிருக்கேன் (அம்மாவுக்குப் பிடிக்கலை). பார்க்கப் பார்க்க மீதியையும் எடுக்கணும்னு கை துறுதுறுங்குது. இப்போ 11 பேர் ஆச்சு. பொங்கலுக்கு இன்னும் 9 நாள்.

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு