உங்களுக்குத் தெரியுமா? சேமியா போல ஒரு வெடிமருந்து

நீலகிரி மலை ரயில் பாதையில் உள்ள அருவங்காட்டில் 1903-இல் தொடங்கப்பட்டது கார்டைட் தொழிற்சாலை. கார்டைட் என்பது புகை அதிகம் கக்காத வெடிமருந்து. கார்டைட் நிரப்பிய பழைய .303 ரைபிள் தோட்டாவைப் பிரித்தால் உள்ளே பொடி இருக்காது; சேமியாக் கட்டு போல மெல்லிய இழைகள்தான் இருக்கும். இழையின் தடிமன் மாறினால் எரியும் வேகம் மாறிவிடும். அதனால் வெவ்வேறு ஈடுகளில் செய்த மருந்தைக் கலந்து சமப்படுத்துவது வழக்கம்.

மருந்தை நிறுக்கும் அளவு ‘கிரெயின்’. ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். வாற்கோதுமை மணியின் எடையிலிருந்து பிறந்த கணக்கு. மருந்தின் எடையோ குண்டின் எடையோ தோட்டாவுக்குத் தோட்டா மாறினால், குண்டு பாயும் வேகமும் மாறும். 100 கெஜத்தில் இது பெரிதாகத் தெரியாது. 600 கெஜத்தில் ஒரு குண்டு மேலே படும், அடுத்தது கீழே இறங்கிவிடும்.