செயற்கை அறிவுப் பாடங்களும் நெல் வயலும்

நோய் கண்ட இலையைக் கைப்பேசியிற் படம் பிடித்துக் காட்டினால், நோயின் பெயரையும் அதற்குரிய மருந்தையும் நொடிப்பொழுதிற் சொல்லும் யந்திர ஏற்பாடுகள் இக்காலத்தில் கிராமங்கள் வரையில் வந்துவிட்டன. குடியானவர்களிற் சிலர் இதனை ஆரூடம் போல நம்புகின்றனர். வேறு சிலர் வேடிக்கையென்று தள்ளிவிடுகின்றனர். இரண்டும் நஷ்டத்திற்கு இடமானவையே. பூசணத்தால் வந்த நோய்க்குப் பூச்சி மருந்தைத் தெளித்தால் மருந்துப் பணம் போவதோடு, அந்த நாலைந்து நாட்களுக்குள் பயிரும் கைமீறிப் போய்விடும். யந்திரம் எவ்வாறு அறிவு பெறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டவனே அதன் சொல்லை எப்போது ஏற்கலாம், எப்போது ஏற்கலாகாது என்று நிர்ணயிக்க வல்லவன். செயற்கை அறிவு என வழங்கும் இவ்வித்தை முன்னர்ப் பெரிய சர்வகலாசாலைகளின் சுவர்களுக்குள் அடங்கியிருந்தது. இப்பொழுதோ அங்கு நடக்கும் உபந்நியாசங்களை வீட்டுத் திண்ணையிலிருந்தே கேட்க வழியுண்டு.

இத்துறைக்குப் பெயரிட்டதும் ஓர் அறிஞர் கூட்டத்தின் பொருட்டேயாம். ஜான் மக்கார்த்தி முதலிய நால்வர் 1955-ம் வருஷத்தில் எழுதிய விண்ணப்பமொன்றில் இப்பெயரை வழங்கினர். அதன்படி 1956-ம் வருஷத்துக் கோடைகாலத்தில் அமெரிக்காவிலுள்ள டார்ட்மவுத் கல்லூரியில் சிலர் கூடி ஆராய்ந்தனர். அக்கூட்டத்திற்கு அழைப்புப் பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2011-ம் வருஷத்தில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த பாடமொன்றை யாவரும் இலவசமாய்க் கேட்கலாமென்று திறந்துவிட்டபோது, ஏறக்குறைய 1,60,000 பேர் பெயரைப் பதிந்துகொண்டனர். முடித்தவர் சுமார் 23,000 பேரே. சேருவது எளிது, முடிப்பது அரிது என்பதைப் பிள்ளைகளைச் சேர்க்க விரும்பும் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

இப்பாடங்களிற் கற்பிக்கப்படும் விஷயம் யாதெனில்: யந்திரத்திற்கு இலையென்றும் நோயென்றும் தெரியாது. படம் என்பது அதற்கு எண்களின் கூட்டம். ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எண்களாலேயே குறிக்கப்படும். குலைநோய் கண்ட இலைகளின் படங்கள் ஆயிரமும், செம்புள்ளி நோய் கண்டவை ஆயிரமும், நல்ல இலைகள் ஆயிரமும், இன்னது இன்னது என்று பெயர் எழுதி அதற்குக் கொடுக்கப்படுகின்றன. யந்திரம் ஒவ்வோர் எண்ணுக்கும் ஏதோ ஒரு மதிப்பை வைத்துக் கூட்டிக் கழித்து, ‘இது குலைநோய்’ என்று ஊகிக்கிறது. ஊகம் தவறினால் அம்மதிப்புகள் இம்மியளவு மாற்றப்படுகின்றன. மறுபடியும் ஊகம், மறுபடியும் திருத்தம். இவ்விதம் லக்ஷக்கணக்கான தடவை நடந்தபின் தவறு குறைந்து போகிறது. புதிதாக வேலைக்கு வந்த பையனுக்கு வரப்பில் நின்று இலையைக் காட்டிக் காட்டிப் பழக்குவதும் இத்தகையதே. ஆனால் பையன் கேள்வி கேட்பான். காட்டாததையும் ஓரளவு யோசித்து அறிவான். யந்திரமோ காட்டியதையே அறியும்.

இதன் பலன் 2016-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியில் தெளிவாய்க் கண்டது. மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே என்னும் மூவர் 14 பயிர்களையும் 26 நோய்களையும் சேர்ந்த 54,306 படங்களைக் கொண்டு யந்திரத்தைப் பழக்கினர். பழக்குவதற்கு எடுத்தது போக ஒதுக்கிவைத்திருந்த படங்களைக் காட்டியபோது, 100-க்கு 99-க்கு மேல் சரியான விடை வந்தது. வேறிடங்களில் வேறு விதமாக எடுத்த படங்களைக் காட்டியபோது 31-க்குச் சற்று மேலாகவே நின்றது. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் 100-க்கு 3 கூடத் தேறாதாகையால், 31 என்பதும் வெறும் குருட்டாம்போக்கு அன்று. ஆயினும் அதை நம்பி மருந்து வாங்க இயலாது. பழக்கிய படங்கள் இலையைக் கிள்ளி, காகிதத்தின்மேல் வைத்து எடுக்கப்பட்டவை. வயலிலோ வெயிலும் நிழலும் உண்டு. ஒன்றின்மேல் ஒன்றாய் இலைகள் உண்டு. சேறும் பனியும் உண்டு. அன்றியும், அந்த 14 பயிர்களுள் ஆப்பிள், திராட்சை, உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம் முதலியன இருந்தனவேயன்றி நெல் இல்லை. கரும்பும் நிலக்கடலையும் இல்லை. 99 என்ற எண்ணை மட்டும் விளம்பரத்திற் படிப்பவர் ஏமாறுவர். பாடங்கேட்டவர், ‘எந்த வயலில், எந்தப் பயிரின்மேல்?’ என்று கேட்பர்.

நெல்லுக்கு அத்தகைய வேலை திருநெல்வேலிச் சீமையிலேயே நடந்தது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள் திருநெல்வேலி ஜில்லாவின் நெல் வயல்களில் இறங்கிப் படமெடுத்து, வேளாண்மை அறிந்தவர் துணையுடன் பெயரிட்டு, 13 வகையாகப் பிரித்த 16,225 படங்களை ‘பேடி டாக்டர்’ என்னும் பெயரால் வெளியிட்டனர். அவற்றினின்று 10,407 படங்களை எடுத்து 2022-ம் வருஷத்தில் உலகத்தார் யாவருக்கும் ஒரு போட்டி நடத்தப்பட்டது. குலைநோய், செம்புள்ளி, பாக்டீரியா இலைக்கருகல், துங்ரோ ஆகியவற்றோடு, குருத்துப்பூச்சியால் நடுக்குருத்துக் காய்ந்த பயிரும் அதில் ஒரு வகை. ஒவ்வொரு படத்தோடும் நெல்லின் ரகமும் பயிரின் வயதும் குறிக்கப்பட்டிருந்தன.

அதே வருஷத்தில் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்துக் குவீன்ஸ்லாந்து சர்வகலாசாலையில் ஜெரமி ஹோவர்ட் என்பவர் ‘ஃபாஸ்ட் ஏ.ஐ.’ என்னும் பாடவரிசையை நடத்தினார். அதில் மாணவர்களுக்கு மாதிரியாக அவர் எடுத்துக்கொண்டது இந்தத் திருநெல்வேலி நெல் இலைகளையே. நோயை மட்டுமன்றி நெல்லின் ரகத்தையும் ஒருங்கே ஊகிக்கும்படி யந்திரத்தைப் பழக்குவது எப்படி என்றும் செய்து காட்டினார். அவ்வுபந்நியாசங்கள் இன்றும் இலவசமாய்க் கிடைக்கின்றன. நெல் விளைவதைக் கண்ணாற் கண்டிராத எத்தனையோ தேசத்து மாணவர்கள் தாமிரபரணிச் சீமையின் இலைகளைக் கொண்டு இவ்வித்தையைக் கற்றிருக்க, அந்த வயல்களுக்கு உரியவர்களின் பிள்ளைகள் அதை அறியாமலிருத்தல் வருந்தத்தக்கது.

அறிந்தவர்க்கு இன்னொன்றும் புலனாகும். அந்த 10,407 படங்களில் 6,992 படங்கள் ஆடுதுறை 45 ரகத்தைச் சேர்ந்தவை. ஐ.ஆர். 20 ரகத்திற்கு 114 படங்களே. மூன்றில் இரண்டு பங்கு ஒரே ரகமாயிருக்க, அப்படங்களிற் பழகிய யந்திரம் வேறு ரகம் பயிரிடுவோர் வயலிலும் அதே திறமையுடன் சொல்லுமென்பது நிச்சயமன்று. இது ஆராய்ச்சியாளர் குற்றமன்று. ஒரு வட்டாரத்தில் அதிகம் விளைவது எதுவோ அதுவே அதிகம் படத்தில் வரும். குறையைத் தீர்க்க வேண்டுமானால் மற்ற வட்டாரங்களிலும் படமெடுத்துப் பெயரிடத் தெரிந்தவர் வேண்டும். நாற்பது வருஷம் பயிர் செய்த குடியானவருக்கு நோயைப் பெயர் சொல்லத் தெரியும், யந்திரத்தைப் பழக்கத் தெரியாது. பட்டணத்து மாணவனுக்கு நேர்மாறு. இரண்டும் ஒரே வீட்டில் அமைந்தால் அதைப்போன்ற வசதி பிறிதில்லை.

இந்தியாவில் இதற்குச் சிறந்த வழி என்.பி.டி.இ.எல். என்னும் ஏற்பாடாகும். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் கூடி 2003-ம் வருஷத்தில் இதனைத் தொடங்கின. 2014-ம் வருஷம் முதல் பரீக்ஷையும் அத்தாட்சிப் பத்திரமும் சேர்ந்தன. பாடங்கள் 4, 8 அல்லது 12 வாரங்கள் நடக்கும். சேருவதற்கும் கேட்பதற்கும் கட்டணமில்லை. பரீக்ஷை எழுத விரும்புவோர் மட்டும் பணம் செலுத்தி, குறித்த நிலையத்திற்கு நேரிற் சென்று எழுத வேண்டும். வாரந்தோறும் செய்யும் பயிற்சிகளுக்கு 25 மார்க், பரீக்ஷைக்கு 75 மார்க். முன்னதில் 10-ம் பின்னதில் 30-ம் வாங்கினால் தேறலாம். சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த பாலராமன் ரவீந்திரன், மிதேஷ் கப்ரா முதலிய பேராசிரியர்களின் உபந்நியாசங்கள் இதிற் பிரசித்தமானவை. பேச்சு பெரும்பாலும் இங்கிலீஷிலேயே நடக்கும். சில பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது.

முறையாகப் பட்டம் பெற விரும்புவோர்க்குச் சென்னை ஐ.ஐ.டி. 2020-ம் வருஷத்தில் அறிவித்த தரவு விஞ்ஞானப் படிப்பு ஏற்றது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறி, பத்தாம் வகுப்பில் கணிதமும் இங்கிலீஷும் படித்திருந்தால் போதும், வயது வரம்பில்லை. நான்கு வாரப் பாடங்களைக் கேட்டுத் தகுதிப் பரீக்ஷையில் தேறியவர் சேரலாம். இடையில் நிறுத்தியவர்க்கும் முடித்த அளவுக்கேற்பப் பத்திரம் உண்டு. ஏழைக் குடும்பத்தார்க்குக் கட்டணத்திற் பெருங் குறைப்பு அளிக்கப்படுகிறது. ஆகவே வருமானச் சான்று கேட்டு வரும் மாணவரைக் கிராம உத்தியோகஸ்தர் நாட்கடத்தாமல் அனுப்பிவைத்தல் அவசியம். ஒரு வாரத் தாமதத்தால் ஒரு தவணையே தவறிப்போகக் கூடும்.

வரிசை தவறிப் படிப்பதே பலர் பாதியில் விட்டுவிடக் காரணம். பள்ளிக் கணிதத்தில் அணிகளும் நிகழ்தகவும் முதலில் உறுதியாக வேண்டும். அடுத்துப் பைத்தான் என்னும் கம்ப்யூட்டர் மொழியிற் சில மாதப் பழக்கம். அதன் பின்னரே மேற்கூறிய உபந்நியாசங்கள். இவ்வரிசையை விட்டு, ‘மூன்றே மாதத்தில் நிபுணராகலாம், வேலை நிச்சயம்’ என்று சொல்லிப் பல்லாயிரம் ரூபாய் கேட்கும் தனியார் வகுப்புகள் பெருகியிருக்கின்றன. அவற்றுட் பலவற்றிற் சொல்லிக்கொடுப்பது இலவசமாய்க் கிடைப்பதேயாகையால், நகையை அடகு வைத்துப் பணம் கட்டுமுன் ஒரு மாதமாவது இலவசப் பாடத்தைக் கேட்டுப் பார்த்து, பிள்ளைக்கு அதிற் பற்று உண்டாவெனக் கண்டுகொள்ள வேண்டும்.

என்.பி.டி.இ.எல். பாடங்கள் பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. டெல்டாவில் ஜூலை நாற்றங்கால் வேலையும் ஜனவரி அறுவடையும் நெருக்கும் காலமாதலால், வீட்டு வேலைக்கு வேண்டிய பிள்ளை அத்தவணையில் 12 வாரப் பாடத்தை எடுப்பதைவிட 4 வாரத்ததை எடுப்பது உசிதம். வீட்டில் இணைய வசதி போதாதவர்க்குக் கிராம நூலகத்திலோ பஞ்சாயத்துக் கட்டிடத்திலோ வாரம் இரண்டு மாலை இடம் ஒழித்துக் கொடுத்தால், நாலைந்து பேர் சேர்ந்து கேட்டுச் சந்தேகந் தீர்த்துக்கொள்வர். அவர்கள் வயலில் படமெடுத்துப் பழகும்போது இலையைக் கிள்ளாமல் செடியிலேயே வைத்து எடுக்கவும், ரகம், விதைத்த தேதி, நோயின் பெயர், பெயர் சொன்னவர் யார் என்பவற்றை அன்றே ஒரு நோட்டில் குறித்துவைக்கவும் வேண்டும். பெயர் நிச்சயமில்லாத இலைக்கு ஊகத்தாற் பெயரெழுதாமல், வேளாண்மை விஸ்தரிப்பு அலுவலகத்திற்குக் கொண்டுபோய்க் காட்டிய பின்னரே எழுதுக.