செருகுநிரல்கள் கூடக்கூட இணையதளம் மந்தமாவது ஏன்?

வலைப்பூவுக்கான கருவியாக 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ், பிறர் எழுதிய சிறு நிரல்களைத் தன்னோடு இணைத்துக்கொள்ளும் வசதியை மறு ஆண்டே பெற்றது. அந்நிரல்களே செருகுநிரல்கள் எனப்படுகின்றன.

வேர்ட்பிரஸில் இயங்கும் தளத்தின் பக்கம் ஆயத்தமாகக் காத்திருப்பதில்லை. நீங்கள் திறக்கும்போதுதான் வழங்கி, அதாவது தளத்தின் கோப்புகளைத் தாங்கும் கணினி, அதை உருவாக்குகிறது. கல்யாணப் பந்தியில் விரித்த இலையை எண்ணிப் பாருங்கள்: உப்பு, பொரியல், சோறு என ஒவ்வொருவரும் தத்தம் முறை வந்ததும் பரிமாறுவதுபோல, ஒவ்வொரு செருகுநிரலும் தனக்குக் குறித்த இடத்தில் குறுக்கிட்டுத் தன் பங்கைச் சேர்க்கிறது; பரிமாறுவோர் கூடக்கூடப் பக்கம் ஆயத்தமாகும் நேரமும் கூடுகிறது.

ஆயினும் எண்ணிக்கையை மட்டும் குறைசொல்வது நியாயமன்று; ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். தொடர்புப் படிவத்துக்கான பெயர்பெற்ற செருகுநிரலான காண்டாக்ட் ஃபார்ம் 7, படிவமே இல்லாத பக்கங்களிலும் தன் கோப்புகளை இயல்பாகவே ஏற்றுகிறது. பாயசம் கேட்காதவர் இலையருகிலும் வாளி வந்து நிற்பதற்கு ஒப்பானது இது.

தற்காலிகச் சேமிப்புக்கான செருகுநிரலோ, ஒருமுறை உருவான பக்கத்தை அப்படியே எடுத்துவைத்து அடுத்து வருபவருக்கு வழங்குவதால், வேகத்தைக் கூட்டவே செய்கிறது.

அப்படியானால் எப்படித் தேர்ந்தெடுப்பது? நட்சத்திர மதிப்பீட்டைவிட, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, வேர்ட்பிரஸின் எந்தப் பதிப்புவரை சோதிக்கப்பட்டது என்னும் இரு விவரங்களே நம்பகமானவை. முடக்கப்பட்ட செருகுநிரல் பக்கத்தில் குறுக்கிடுவதில்லை எனினும், அதன் கோப்புகள் வழங்கியிலேயே தங்கி ஊடுருவலுக்கு வழிவிடக்கூடும் என்பதால், தேவையற்றதை அடியோடு நீக்கிவிடுவதே முறை.